நாலாவது அள்ளு

தொண்ணூற்று ஐந்தோ ஆறோ, வருடம் சரியாக நினைவில்லை. தை மாதம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். மனையியல் குரூப். அதில் சேர்ந்தால் வாரத்துக்கு ஒரு நாளாவது வாய்க்கு ருசியாகச் சாப்பிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தவள் நான். விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் இருக்கும் நியாயம் புரியும்.

எனக்குச் சொந்த ஊர் ஜவ்வாது மலையில் ஒரு சின்னக் கிராமம். போளூர் போய், அங்கிருந்து மலையேறும் பஸ்ஸைப் பிடித்து, இறங்கின பிறகும் மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க வேண்டும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் என்று ஒரு கட்டடம் இருந்தது. வாத்தியார் வந்தால்தான் அதிசயம். அதனால் எனக்கு ஆறு வயது ஆனதும் அம்மா என்னை மலையடிவாரத்தில் இருந்த உண்டு உறைவிடப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அப்பாவுக்குக்கூட அவ்வளவு இஷ்டமில்லை. அம்மாதான் ஒற்றைக்காலில் நின்றாள். அங்கே பத்தாவது வரை படித்தேன். அப்புறம் திருவண்ணாமலை, இன்னொரு விடுதி. வீடு என்பது லீவுக்குப் போய்விட்டுத் திரும்புகிற இடமாக ஆகிப்போனது.

திருவண்ணாமலையில் 'மலை' என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். விடுதி மொட்டைமாடியில் நின்றால் எதிரே அண்ணாமலை நிற்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து அதைச் சுற்றிவிட்டுப் போவார்கள். துணி உலர்த்தப் போகும்போது நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடமேற்கே பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. வீடுகள், தென்னை மரங்கள், அதற்கப்பால் வெள்ளையாக வானம். இருந்தாலும் அந்தப் பக்கம்தான் பார்ப்பேன். அப்போது என் நெஞ்சில் இருந்ததெல்லாம் எங்கள் வீட்டு ஏக்கம்தான், வேறொன்றும் இல்லை.

வகுப்பில் எனக்கு மலைக்காரப் பொண்ணு என்று பெயர். யாரும் கேலியாகச் சொன்னதில்லை, பிரியமாகத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அதில் ஒரு தொல்லை இருந்தது. மலையில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று அவர்களாக முடிவு செய்துவிட்டார்கள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு முடி கொட்டுகிறது, ஒருத்திக்கு முகப்பரு. எல்லாவற்றுக்கும் என்னிடம் வந்து மூலிகை கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரே மூலிகை பெட்டிக்கடையில் விற்கும் தைலம். ஆறு வயதிலிருந்து ரவை உப்புமாவும் சாம்பார் சாதமும் தின்று வளர்ந்தவளிடம் போய் இதையெல்லாம் கேட்டால் நான் எங்கே போவேன்? முதலில் சிரித்துச் சமாளித்தேன், பிறகு கோபம் வந்தது. எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும், இன்றும் அப்படித்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்பதைத் தவிர அந்த அடுப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் மனையியல் டீச்சர் அந்த வருடம்தான் புதிதாக வந்திருந்தார். ஒல்லியாக, சுறுசுறுப்பாக, எப்போதும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பார். பாடப் புத்தகத்தில் கஸ்டர்டு, புட்டிங், கட்லெட் என்று வரிசையாக இருந்தது. ஒரு நாள் கஸ்டர்டு பாடத்தை நடத்தி முடித்துவிட்டு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க வீட்டுல யாராவது இதைச் செஞ்சு பாத்திருக்கீங்களா?"

ஒரு கையும் எழும்பவில்லை.

"அப்ப உங்க வீட்டுல என்னதான் செய்யறாங்க?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. பொங்கல் லீவு முடிந்ததும் 'ஒரு நாள் ஒரு வீடு' என்று வைக்கப் போவதாகச் சொன்னார். ஒவ்வொரு செய்முறை வகுப்புக்கும் ஒரு பெண், அவள் வீட்டில் வழக்கமாக ஆக்குகிற மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டு பேருக்குச் சமைக்க வேண்டும். முடிந்தால் அம்மாவை அழைத்து வரலாம். என்னென்ன பொருள், ஒரு ஆளுக்கு எவ்வளவு, என்ன சத்து என்று அட்டையில் எழுதி மாட்ட வேண்டும். மதிப்பெண் உண்டு. அதிலும் டீச்சர் உயிரை விடுவது ஒரு விஷயத்துக்காக. சமைத்தது மிஞ்சவும் கூடாது, போதாமல் போகவும் கூடாது. வீட்டு நிர்வாகத்தின் முதல் பாடமே அளவுதான் என்பார்.

யார் யார் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். நீ சாமைச் சோறு செய்யேன், நாங்க யாரும் உங்க மலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டதே இல்லையே என்றார். வகுப்பே கை தட்டியது. எனக்கே சொந்த வீட்டுச் சோற்றைப் பற்றித் தெரியாது என்று எந்த வாயால் சொல்வேன்? தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன். அன்று விடுதியில் சாப்பிடப் பிடிக்கவில்லை. மதிப்பெண் போனால் போகட்டும். இதுகூடத் தெரியாவிட்டால், அந்த வீட்டுப் பெண் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது என்பதுதான் என் பயம்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கொல்லையில், அதாவது மேட்டு நிலத்தில், விளைவது சாமை. எங்கள் வீட்டில் தினமும் ஆக்குவது சாமைச் சோறுதான். அரிசிச் சோற்றை நெல்லுச்சோறு என்போம். அது விருந்தாளி வந்தால், விசேஷம் என்றால் மட்டும். நான் விடுதிக்குப் போன பிறகு, லீவில் எப்போது வந்தாலும் அம்மா எனக்கென்று தனியாகச் சின்னப் பானையில் நெல்லுச்சோறு ஆக்குவாள். ரேஷனில் வாங்கினதைத் தொடாமல் பத்திரப்படுத்தி வைத்திருப்பாள். அவர்கள் மூன்று பேரும், அதாவது அப்பா, அம்மா, தம்பி, பெரிய பானையிலிருந்து சாமைச் சோறு சாப்பிடுவார்கள். எனக்கு மட்டும் வெள்ளைச் சோறு. விடுதியில் வருஷமெல்லாம் தின்றது அதே வெள்ளைச் சோறுதான் என்பது அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. படிக்கிற பிள்ளைக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை விட்டுவிடக்கூடாது என்று அடுப்பருகில் போய் உட்கார்ந்தேன். அம்மா பதறிப்போனாள்.

"நீ ஏன் கண்ணு அடுப்பாண்ட வர்ற? பொகையில கண்ணு கெட்டுப்பூடும். அப்பால குந்து."

எனக்கும் இது தெரிய வேண்டும், பள்ளிக்கூடத்தில் செய்து காட்டணும் என்று விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவின் முகம் இருண்டுபோனது. டவுனுப் பிள்ளைங்க முன்னாடி சாமையா, வேணாம் கண்ணு, சிரிப்பாங்க, டீச்சர்கிட்டச் சொல்லி வேற எதையாவது செய் என்றாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்.

"எனக்கு மட்டும் ஏம்மா நெல்லுச்சோறு? நான் இன்னா விருந்தாளியா?"

அம்மா சிரித்தாள். "பின்ன? லீவு முடிஞ்சா பஸ் ஏறிடுவ. விருந்தாளிதான்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய், பலாமரத்தடியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். தம்பி வந்து பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் கையில் இருந்த கரும்புத் துண்டை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

கற்றுக்கொடுக்கமாட்டாள் என்றால் பார்த்தாவது தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். மறுநாள் விடியற்காலையில் எழுந்து வாசல் ஓரமாகத் தூங்குபவள்போல் படுத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். அம்மா குத்திப் புடைத்து வைத்திருந்த சாமையைக் கூடையிலிருந்து இரண்டு கையும் சேர்த்து அள்ளி ஒரு சட்டியில் போட்டாள். எங்கள் பக்கம் அதை ஒரு அள்ளு என்போம். அள்ளும்போது அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு நிமிடம் நின்றாள். பிறகு இன்னொன்று. நாலு அள்ளு. அப்புறம் தண்ணீர் ஊற்றிக் களைந்து, இரண்டு சட்டியில் மாற்றி மாற்றிச் சாய்த்துக் கல் அரித்தாள். தண்ணீர் கொதித்து வரும்போது சாமையைக் கொட்டினாள். கரண்டியை அதிகம் விட்டுக் கிளறாமல், தண்ணீர் சுண்டினதும் விறகை இழுத்துவிட்டு, மூடிமேல் தணல் வைத்து அப்படியே விட்டாள். பிறகு கீரையைக் கடைந்தாள், மொச்சையைத் தாளித்தாள். ஒன்றையும் விடாமல் மனசில் ஏற்றிக்கொண்டேன். அடுத்த நாளும் பார்த்தேன். அதே மூன்று, ஒரு நிமிடம், அதே நாலாவது.

என் சாப்பாடு தனிப் பானையில். சாமைப் பானை அவர்கள் மூன்று பேருக்கு. ஆக மூன்று பேருக்கு நாலு அள்ளு. ஆளுக்கு ஒன்றேகால் சொச்சம் வருகிறதே என்று யோசித்தேன். மலையில் ஏறி இறங்கி வேலை செய்கிற உடம்பு, நாம் சாப்பிடுவதைவிட ஜாஸ்தி சாப்பிடத்தானே செய்யும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். மனையியல் மாணவி இல்லையா.

கிளம்பும்போது அப்பா பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். தோளில் ஒரு பை. பஸ் வந்ததும் அதை என்னிடம் கொடுத்தார். உள்ளே சாமை அரிசி.

"உங்கம்மாகிட்ட சொல்லாத" என்றார். என் நாள் எது என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் 'ஒரு நாள் ஒரு வீடு' களைகட்டிவிட்டது. அடி அண்ணாமலையிலிருந்து வரும் என் தோழி கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும் செய்தாள். செய்தாள் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அவள் அம்மா வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தள்ளுடி, இது களியா கூழா?" என்று துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே அதற்கும் மதிப்பெண் போட்டார். டவுனில் துணிக்கடை வைத்திருந்தவர் வீட்டுப் பெண் செய்த குஸ்காவுக்கு அன்று பள்ளிக்கூடமே மோப்பம் பிடித்து வந்தது. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டோடு அந்த வீடும் எங்கள் வகுப்புக்கு வந்த மாதிரி இருந்தது.

என் நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்து வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு மனையியல் பேராசிரியை இந்த முயற்சியைப் பார்க்க வந்திருந்தார்; அன்றைய மதிப்பெண்ணையும் அவரையே போடச் சொல்லியிருந்தார் டீச்சர். நான் அட்டையை எழுதி மாட்டிவிட்டேன். பரிமாறும் அளவு: மூன்று பேருக்கு நான்கு அள்ளு. பன்னிரண்டு பேருக்குப் பதினாறு. டீச்சர் என் அள்ளு எவ்வளவு வருகிறது என்று தராசில் வைத்துப் பார்த்துக் கிராமிலும் எழுதச் சொன்னார், எழுதினேன். வீட்டில் நாலு பேர் இருக்க மூன்று பேர் கணக்கு ஏன் என்று கேட்டார், என் நெல்லுச்சோற்றுக் கதையைச் சொன்னேன்.

உலைத் தண்ணீர் கொதித்து வரும்போது வாசலில் ஒரு நிழல். அம்மா.

அப்பாவால் ஒரு ரகசியத்தை எத்தனை நாள் காப்பாற்ற முடியும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா கல்யாணம் காட்சிக்குக் கட்டும் சிவப்புப் புடவையைக் கட்டியிருந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. டீச்சர் ஓடிப்போய் வரவேற்று நாற்காலி போட்டார். அம்மா அதில் உட்காராமல் என்னிடம் வந்து மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே ரேஷன் அரிசி. இதை ஆக்கிப் போடு கண்ணு, மானத்தை வாங்காதே என்று காதோடு சொன்னாள். நான் கொதிக்கும் தண்ணீரில் சாமையைக் கொட்டினேன். அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

நான் செய்தது எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியை அதிகம் விடாதது, தண்ணீர் சுண்டினதும் தீயைக் குறைத்தது, அடுப்பில் தணல் இல்லாததால் மூடிமேல் வெந்நீர்ப் பாத்திரத்தை ஏற்றி வைத்தது. இதெல்லாம் எங்கே கற்றேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒரு கட்டத்தில் அவள் கை அவளை அறியாமல் நீண்டு, நான் கீரை கடைந்துகொண்டிருந்த சட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தது. அவ்வளவுதான். அதற்குமேல் தொடவில்லை.

சோறு நன்றாக வந்தது. பூவாக மலர்ந்து வந்தது. எல்லோரும் கீரைக் கடையலை ஊற்றிக்கொண்டு இரண்டாம் முறையும் கேட்டுச் சாப்பிட்டார்கள். வெளியூர்ப் பேராசிரியை மொச்சைக் குழம்பை விடவே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

ஆனால் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்த பிறகு பானையைப் பார்த்தால், கால்வாசி அப்படியே இருக்கிறது.

பேராசிரியை அட்டையையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். ருசிக்குக் குறை சொல்ல முடியாது, ஆனா அளவு எங்கேயோ இடிக்குதே என்று மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இரண்டு நாள் கண்ணால் பார்த்து எண்ணினேனே, அது எப்படித் தப்பும்? எங்கள் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்ததே அந்த ஒரு கணக்குதான். அதுவும் தப்பு என்றால், நான் பார்த்ததும் வெளியாள் பார்த்த பார்வைதானா? ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு அந்த வரியை அடிக்கப் போனேன்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்களைக் கேட்போம் என்று அம்மா பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுல ஆளுக்கு எவ்வளவும்மா போடுவீங்க?"

அம்மா எழுந்து நின்றாள். "ஆளுக்கு ஒரு அள்ளுதான் டீச்சரம்மா."

"மூணு பேருக்கு நீங்க நாலு போட்டதை இவ பாத்திருக்காளே."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒளிந்து பார்த்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒண்ணு இவளுக்கு" என்றாள்.

இவள்தான் வீட்டில் இருக்கும்போது அரிசிச் சோறு சாப்பிடுகிறாளாமே என்று டீச்சர் கேட்டார். அம்மா யாருக்கோ பதில் சொல்வதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"ஆறு வயசுல இட்டும்போயி ஆஸ்டல்ல வுட்டுட்டு வந்தேன் டீச்சரம்மா. வூட்டுக்குப் போயி சோறாக்கும்போது எப்பவும்போல இவளுக்கும் சேத்துப் போட்டுட்டேன். மொத நாளு மறந்துபோயி போட்டதுதான். ஆக்கி முடிச்சப்புறம்தான் புள்ள இல்லேனு தெரியுது. அதுக்கப்புறம் மறந்துடக் கூடாதுனு போட்டேன். இவ வந்தா நெல்லுச்சோறு ஆக்கறேன், ஆனா கை கேக்க மாட்டேங்குது. அந்த ஒரு அள்ளு இல்லேனா பானை கொறையாத் தெரியுது."

அந்தச் சோறு என்ன ஆகும் என்று யாரோ ஒரு பெண் கேட்டாள். மறுநாள் காலையில் அதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் அப்பா கொல்லைக்குப் போவாராம். பாப்பா பங்கு எங்க என்று கேட்டு வாங்கிக் குடிப்பாராம்.

விருந்தாளி என்று சொன்னவள்மேல் எனக்கு இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. பத்து வருடங்கள். நான் விடுதி வரிசையில் தட்டோடு நின்ற ஒவ்வொரு வேளையும் அங்கே எனக்கும் சேர்த்து உலை வைத்திருக்கிறாள். நான் வீட்டை நினைத்து ஏங்கினேன், சரி. அந்த வீடு தினமும் என்னைச் சோற்றுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நான் அம்மாவின் தோளில் முகத்தை வைத்து, பிளஸ் ஒன் படிக்கிறோம் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். "சீ, எல்லாரும் பாக்கறாங்க" என்று சொன்னாளே தவிர, அவளும் விலகவில்லை.

டீச்சர் என் கையிலிருந்த ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, அட்டையில் அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். 'வீட்டில் இல்லாதவருக்கும் சேர்த்து.' அந்த அட்டை நான் பிளஸ் டூ முடிக்கும்வரை சமையல் கூடத்துச் சுவரில் இருந்தது. பேராசிரியையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அளவுக்கான மதிப்பெண்ணில் கை வைக்காமல் விடவில்லை. அது அவருடைய தொழில் தர்மம், குறை சொல்லக் கூடாது.

எல்லோரும் போன பிறகு அம்மா மிஞ்சின சோற்றை ஒரு தட்டில் போட்டு என்னிடம் கொடுத்தாள். சமைத்த பரபரப்பில் நான் சாப்பிடவே இல்லை என்பதை அவள் கவனித்திருக்கிறாள். ஆறு வயதுக்குப் பிறகு அம்மா கையால் சாமைச் சோறு வாங்கிச் சாப்பிட்டது அன்றுதான். நெல்லரிசி கொண்டாந்தேனே, அதை ஆக்கியிருக்கலாமே என்று அப்போதும் முனகிக்கொண்டுதான் இருந்தாள். நான் தட்டை வழித்து வழித்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் போளூர் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனாள். ஓடிப்போய் அந்தப் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும்போல் இருந்தது. ஏறவில்லை. என்னைப் படிக்க வைப்பதற்காகத்தானே அவள் அந்தச் சோற்றை ஆள் இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கல்லூரியிலும் மனையியல் படித்தேன், நானும் டீச்சர் ஆனேன். திருவண்ணாமலையிலேயே செங்கம் ரோடு பக்கம் வீடு. என் வகுப்பிலும் 'ஒரு நாள் ஒரு வீடு' உண்டு. அளக்கும் கோப்பையும் தராசும் மேசைமேல் இருக்கும், அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் அட்டையில் ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்வேன்: உங்கள் வீட்டில் யார் அளக்கிறார்கள், யாரை நினைத்து அளக்கிறார்கள் என்று. பிள்ளைகள் முதலில் முழிப்பார்கள். வீட்டில் கேட்டுவிட்டு வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். துபாயில் இருக்கும் அப்பாவுக்காக இட்லித் தட்டில் ஒரு குழியைச் சேர்த்தே ஊற்றும் அம்மா, பங்காளிச் சண்டையில் பேச்சு நின்றுபோன சித்தப்பாவுக்கும் சேர்த்துக் குழம்பு வைக்கும் பெரியம்மா. இதற்கெல்லாம் எந்தச் சத்து அட்டவணையில் இடம் இருக்கிறது?

அம்மா இப்போது இல்லை. நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் போய்விட்டாள். அவள் இருந்தவரை லீவு கிடைக்கும்போதெல்லாம் போனேன்; எல்லா முறையும் எனக்கு நெல்லுச்சோறுதான். கடைசிவரை அதில் மட்டும் அவள் மாறவே இல்லை.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போனார்கள். தம்பி மனைவிக்கு அப்போது கைக்குழந்தை. நான் சமைக்கிறேன் என்று அடுப்பருகில் போய் உட்கார்ந்தேன். அப்பால குந்து என்று சொல்ல யாரும் இல்லை. கூடையிலிருந்து சாமையை அள்ளினேன். அப்பாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, அவன் மனைவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எழுந்திருக்க வேண்டியவள், ஒரு நிமிடம் நின்று, இன்னொரு அள்ளு போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. திரும்ப எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். கதவோரம் உட்கார்ந்திருந்த அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"இருக்கட்டும் பாப்பா" என்றார். "காலையில நான் குடிச்சிக்கறேன்."

இப்போது திருவண்ணாமலை வீட்டில் தினமும் குக்கரில் சோறு கொஞ்சம் மிஞ்சும். மனையியல் டீச்சர் வீட்டிலேயே அளவு ஜாஸ்தியா என்று என் கணவர் கேலி செய்வார். காலையில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து நானே குடித்துவிடுகிறேன். அம்மா சொன்னது என்னவோ அதேதான் எனக்கும் நடந்தது: முதல் நாள் மறந்துபோய்ப் போட்டேன், இன்றைக்கு வரை மறந்துவிடக் கூடாதே என்று போட்டுக்கொண்டிருக்கிறேன்.